பன்றி வருது, ஸ்கோப் வாங்கலாமா?

கடலை காய் பிடிக்கிற நேரம் வந்துவிட்டால் நம் கூட்டங்களில் பேச்சு விதை விலையில் ஆரம்பித்துப் பன்றியில்தான் போய் முடியும். மார்கழிப் பட்டத்தில் விதைத்து, இரண்டு களை எடுத்து, பஞ்சகவ்யம் தெளித்து, பங்குனியில் பிடுங்கலாம் என்று இருக்கும்போது ஒரே ராத்திரியில் பத்து பன்றி இறங்கி அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போகும். பார்த்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். அதனால் இளைஞர்கள் சிலர் சமீப காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “சார், துப்பாக்கிக்கு மாட்டுற ஸ்கோப் எது நல்லது? நாலு பவரா, ஒன்பது பவரா? ராத்திரியில தெரியுமா?”

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், என் கழுத்தில் எப்போதும் ஒரு பைனாகுலர் தொங்கும். வீடு திருவொற்றியூரில், நிலம் பூண்டி ஏரிக்கு மேற்கே. வாரத்தில் நான்கு நாள் வயல், மூன்று நாள் கடற்கரை. இரண்டு இடத்துக்கும் கண்ணாடி கூடவே வரும். இரண்டும் கொசஸ்தலை ஆற்றின் ஓரம்தான். வயலைத் தாண்டி ஓடுகிற அதே ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேருகிறது.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். உழவனுக்குக் கண்ணாடி வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அது துப்பாக்கியின் தலையில் உட்காரும் கண்ணாடி இல்லை. கழுத்தில் தொங்கும் கண்ணாடி. ஏன், எது, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம்

ஆசைப்படுவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உரிமம் கொடுக்க வழி வைத்திருக்கிறது. எந்தத் துப்பாக்கி? வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி நினைத்தால் வேறொரு வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். குழலுக்குள் மரை வெட்டிய ரைஃபிளைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. ஸ்கோப் என்பதோ ரைஃபிளுக்காகப் பிறந்த சாமான்.

துப்பாக்கி உரிமம் கையில் இருந்தாலும் அது சுடுவதற்கான அனுமதி ஆகாது. 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியாக நிற்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட பிறகு காட்டுப்பன்றி அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது; அதைக் கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. உரிமம் தேவைப்படாத சின்ன ஏர்கன்னால் சுட்டாலும் குற்றம் குற்றம்தான்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழித்தால் சுடலாம்; ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும். பக்கத்துக் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுட வழி செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து யாரும் இறங்கிவிடக் கூடாது. நம்மூரில் விவசாயி சுட்டால் வழக்கு விவசாயி மேல்.

சட்டம் நமக்குப் போதுமா, கிலோமீட்டர் கணக்கு நியாயமா என்று கேட்டால் எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. பன்றிக்கு எல்லைக்கல் தெரியாது. அதை இயக்கம் கோரிக்கையாக எடுத்துப் போகட்டும். இன்று ராத்திரி வயலுக்குப் போகிறவன் இன்று இருக்கிற சட்டத்தோடுதான் போகவேண்டும்.

ஸ்கோப் என்ன செய்யும், என்ன செய்யாது

ஸ்கோப்பின் மேல் 4×32 என்று எழுதியிருந்தால், நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 32 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 3–9×40 என்றால் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை திருகி மாற்றிக்கொள்ளலாம், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர். உள்ளே ஒரு குறுக்குக்கோடு இருக்கும். தோட்டா எங்கே போய் விழும் என்று அந்தக் கோட்டுக்கும் குழலுக்கும் ஒப்பந்தம் செய்துவைப்பதுதான் ஸ்கோப்பின் முழு வேலை. மரை வெட்டிய குழலில் தோட்டா சுழன்று நேராகப் போகும். அதனால் 200 மீட்டரிலும் அந்த ஒப்பந்தம் நிற்கும். வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கியில் சில்லறைக் குண்டுகள் விசிறி மாதிரி பரவும். 40 மீட்டரைத் தாண்டினால் எதையும் நம்ப முடியாது. அதற்கு ஸ்கோப் மாட்டுவது மாட்டு வண்டிக்கு ஸ்பீடாமீட்டர் வைத்த கதை. ஏர்கன்னுக்கு என்று விற்கிற மலிவு ஸ்கோப்புகளோ ஸ்பிரிங் முன்னும் பின்னும் உதைக்கிற உதையில் கொஞ்ச நாளிலேயே உள்ளே கழன்றுவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்கோப் துப்பாக்கியோடு ஒட்டியிருக்கிறது. அதன் வழியாக எதைப் பார்க்கிறாயோ அதை நோக்கிக் குழலும் திரும்பியிருக்கிறது. “அங்க என்னமோ அசையுது, என்னன்னு பாப்போம்” என்று ஸ்கோப்பைத் தூக்கினால், அசைவது எதுவாக இருந்தாலும் அதன் மார்புக்கு நேரே துப்பாக்கி நிற்கிறது. நம் வயல்களில் ராத்திரி அசைவது யார்? மும்முனை மின்சாரம் நடுராத்திரிக்கு வருகிறது. மோட்டார் போட வருகிற பக்கத்துக் காட்டுக்காரர். மடை மாற்ற வருகிற அவர் மகன். வரப்பில் குனிந்து நிற்கிற ஆள் இருட்டில் பார்த்தால் பன்றி மாதிரியேதான் இருப்பார். வேட்டை சட்டப்படி நடக்கும் வெளிநாடுகளில்கூட வேட்டைக்காரர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் விதிகளில் ஒன்று இதுதான்: தேடுவதற்கும் அடையாளம் காண்பதற்கும் பைனாகுலர், அடையாளம் உறுதியான பிறகுதான் துப்பாக்கியைத் தூக்கவேண்டும். வங்கியில் நாங்கள் ஆளை நேரில் பார்க்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டோம். அந்த மாதிரிதான் இதுவும்.

திருவொற்றியூருக்கும் துப்பாக்கிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வேன். 1950-களில் எங்கள் ஊரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரே இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரின் அரசு ரைஃபிள் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததால் வந்தது. பீரங்கிச் சின்னமும், ‘துப்பாக்கி போலச் செய்தது’ என்ற வாசகமும் அதிலிருந்து வந்தவை. எங்கள் சம்பந்தம் அந்த பைக்கோடு முடிந்தது. அத்தோடு நிற்பதே நல்லது.

பைனாகுலரில் எண்களைப் படிப்பது எப்படி

பைனாகுலரிலும் அதே இரண்டு எண்தான். 8×42 என்றால் எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர். கடைக்குப் போனால் எல்லாரும் முதல் எண்ணையே பார்க்கிறார்கள். “பவர் எவ்வளவு?” என்று கேட்டு அதிகமாக உள்ளதை வாங்கி வந்துவிடுகிறார்கள். நம் வயலுக்கு எவ்வளவு பவர் தேவை என்று ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 64 மீட்டர். ஐந்து ஏக்கர் ஒரே தாக்காக, சதுரமாக இருந்தாலும் மூலைக்கு மூலை 200 மீட்டர்தான். எட்டு மடங்கில் பார்த்தால் 200 மீட்டரில் நிற்கும் பன்றி 25 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். பத்து மடங்கில் 20 மீட்டர். வித்தியாசம் ஐந்தே மீட்டர். ஆனால் பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். அறுபதைத் தாண்டிய என் கைக்கு எட்டே போதும். இருபது வயதுப் பையனுக்குப் பத்து சரிப்படலாம். அதற்கு மேல் போனால் முக்காலி வேண்டும்.

பார்வைப் பரப்பும் முக்கியம். நல்ல 8×42 கண்ணாடியில் 200 மீட்டர் தூரத்தில் சுமார் 26 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் அடங்கும். ஒன்பது மடங்கில் வைத்த ஸ்கோப்பில் அதே தூரத்தில் 9 மீட்டர்தான் அடங்கும். கூட்டமாக வருகிற பன்றிகளை எண்ண வேண்டியவனுக்கு எது உதவும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது இரண்டாவது எண்ணுக்கு வருவோம். பன்றி வருவது அந்தி மயங்கிய பிறகு. ஆகவே வெளிச்சம்தான் நம் பிரச்சினை. பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணாடியிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் தடிமன் அது, மில்லிமீட்டரில். இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். அறுபது வயதில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான். கற்றை கண்மணியை நிரப்பினால் படம் பிரகாசமாக இருக்கும். குறைந்தால் மங்கும், கூடினால் அந்தக் கூடுதல் வெளிச்சம் கண்மணிக்கு வெளியே பட்டு வீணாகும்.

இந்த ஒரு வகுத்தலை வைத்து எல்லாக் கண்ணாடியையும் தரம் பிரிக்கலாம். சட்டைப்பையில் அடங்குகிற 10×25-ல் கற்றை 2.5 தான்; பகலில் அருமையாக இருக்கும், ஆறரை மணிக்கு ஒன்றும் தெரியாது. கப்பல்களில் வைத்திருக்கும் 7×50-ல் கற்றை 7.1. ராயபுரம் கிளையில் இருந்தபோது விசைப்படகுக் கடனுக்காக காசிமேடு துறைமுகத்துக்கு அடிக்கடி போவேன்; அங்கே பழகிய கப்பல்காரர்களின் கையில் இதைத்தான் பார்த்தேன். ஆடுகிற தளத்தில் நின்று ராத்திரியில் பார்ப்பதற்கு அது பொருத்தம். ஆனால் ஒரு கிலோ எடை இருக்கும். என் வயசுக் கண்ணுக்கு அந்த 7 மில்லிமீட்டரில் பாதி வெளிச்சம் வீண். மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கிற 25 வயதுப் பையனுக்கு அது பொன். மற்றவர்களுக்கு 8×40, 8×42, அல்லது 10×50 வாங்கினால் போதும்.

பஜாரில் கேஒய்சி

வடசென்னைக்காரர்களுக்கு வெளிநாட்டுச் சாமான் என்றால் நினைவுக்கு வருவது பர்மா பஜார். 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக ஏற்பட்ட கடைவரிசை. அங்கு மட்டுமில்லை, ஆன்லைனிலும் ஊர்த் திருவிழாக் கடையிலும் ‘30×60’, ‘50×50’ என்று பெரிய பெரிய எண் போட்ட சின்னக் கண்ணாடிகள் குவிந்து கிடக்கும். எண்ணை நம்பவே நம்பாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துப்போங்கள். ஐந்து சோதனை செய்யுங்கள்.

ஒன்று: முன்கண்ணாடியின் விட்டத்தை அளங்கள். ‘60’ என்று போட்டிருக்கும், 21 மில்லிமீட்டர்தான் இருக்கும். பிறகு கண்ணாடியை கையெட்டும் தூரத்தில் பிடித்து வானத்தை நோக்கித் திருப்புங்கள் (சூரியனை நோக்கி ஒருபோதும் வேண்டாம், கண் போய்விடும்). கண் வைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அதை அளங்கள். 21-க்கு 2.6 மில்லிமீட்டர் வட்டம் என்றால் உண்மையான பவர் எட்டு. முப்பது என்பது பொய்.

இரண்டு: அதே வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் மாதிரித் தெரிகிறதா என்று பாருங்கள். வட்டமாக இருந்தால் உள்ளே இருப்பது பாக்-4 என்கிற நல்ல முப்பட்டகக் கண்ணாடியாக இருக்கலாம். சதுரமாக வெட்டுப்பட்டால் மலிவான பிகே-7.

மூன்று: டியூப்லைட்டின் பிம்பம் முன்கண்ணாடியில் எப்படித் தெரிகிறது? மங்கலான பச்சை, ஊதாவாகத் தெரிந்தால் பூச்சு நன்றாகப் பூசியிருக்கிறார்கள். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சே இல்லை. கண்ணைப் பறிக்கும் செக்கச்சிவப்புப் பூச்சைக் காட்டி ‘நைட்விஷன்’ என்பார்கள். அது சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற வேலை. இரவில் பார்க்க எந்த உதவியும் செய்யாது.

நான்கு: தூரத்தில் ஒரு மாடியின் விளிம்பையோ மின்கம்பியையோ பாருங்கள். இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு நிமிடத்தில் தலை வலித்தாலோ இரண்டு குழலும் ஒரே திசையில் இல்லை. கீழே விழுந்த பழைய கண்ணாடிகளில் இது சகஜம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஐந்து: கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றாமலே பார்க்கவேண்டும். கண்ணுக்கும் பைனாகுலருக்கும் நடுவே 15 மில்லிமீட்டராவது இடம் விட்டாலும் முழுப்படம் தெரிகிற மாடலாகக் கேளுங்கள். ரப்பர் வளையத்தை மடக்கினால் படம் முழுசாகத் தெரியும்.

பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே பெயர் தெரிந்த கம்பெனியின் 8×42 கிடைக்கும். வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவி இருட்டிலும் பன்றியைக் காட்டும், உண்மைதான். ஆனால் அதன் விலைக்கு நம் இரண்டு மூன்று ஏக்கர் கடலை கட்டுப்படி ஆகாது.

எண்ணூரில் ஒரு சோதனை

வாங்குமுன் கடைக்காரர் சம்மதித்தால், அல்லது நண்பரின் கண்ணாடியை இரவல் வாங்கி, வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். எனக்கு எண்ணூர் முகத்துவாரத்தைவிட நல்ல பரிசோதனைக்கூடம் தெரியாது. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, மின்நிலையம் ஆகியவற்றின் சுவர் அருகே கண்ணாடியும் கையுமாக நின்றால் காவலர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்பது அவர்கள் கடமை. பொதுமக்கள் நிற்கிற கரையில் நில்லுங்கள், போதும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பாருங்கள். வெளிர் வானத்துக்கு எதிரே அதன் விளிம்பு கத்தி மாதிரி நிற்கவேண்டும். மட்டக் கண்ணாடியில் விளிம்பை ஒட்டி ஊதாவும் மஞ்சளும் சேலைக் கரை போல ஓடும். புகைபோக்கியை நடுவிலிருந்து மெல்ல ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். எவ்வளவு தூரம் வரை வளையாமல், குழையாமல் இருக்கிறது? முக்கால் பங்கு வரை நன்றாக இருந்தால் நல்ல கண்ணாடி. பிறகு ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி எறா பிடிப்பவர்களைப் பாருங்கள். கூடையின் பின்னல் தெரிகிறதா என்று பாருங்கள்.

உண்மையான பரீட்சை சூரியன் விழுந்த பிறகுதான். மறுகரையில் அலையாத்திச் செடிகளின் அடியில் இருட்டு முதலில் சேரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்தைப் பாருங்கள். சின்னக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 8×42 வெறுங்கண்ணுக்குத் தெரியாத கொக்கை இன்னும் அரை மணி நேரம் காட்டிக்கொண்டிருக்கும். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். பன்றி காட்டோரத்திலிருந்து தலை நீட்டும் நேரமும் அதுவேதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்த முகத்துவாரத்தில் படர்ந்தது நினைவிருக்கும். கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் அப்பியிருந்தது. கரைக்கு வராத பறவையின் இறகில் இருக்கிற கறையைத் தூரத்திலிருந்து உறுதிப்படுத்த, பார்க்கிற கண்ணாடி வேண்டும். என்ன பறவை, எத்தனை, எங்கே, எப்போது என்று எழுதிவைத்தால்தான் அது சாட்சி. வயலிலும் அதே நியாயம்தான்.

வயலில் எதைப் பார்ப்பது

பன்றிக்கு மூக்கும் காதும் கூர்மை, கண் மட்டம். ஆகவே காற்று அதன் பக்கத்திலிருந்து நம் பக்கம் வீசுகிற மாதிரி உட்காருங்கள். புகையிலை, பீடி, ஊதுபத்தி வேண்டாம். பரண் இருந்தால் நல்லது. முழங்கையைப் பரணின் கம்பில் ஊன்றினால் கை ஆடாது. மாலை ஐந்தரையிலிருந்து ஏழு, விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை. நிலா நாட்களில் இன்னும் கொஞ்சம் நேரம் கூட்டிக்கொள்ளலாம்.

முதலில் பார்க்கவேண்டியது, வந்தது காட்டுப்பன்றிதானா என்று. காட்டுப்பன்றிக்குப் பிடரியில் சிலிர்த்த மயிர் நிற்கும், வால் நேராகத் தொங்கும். சுருட்டிய வாலோடு வந்தால் அது பெரும்பாலும் யாரோ வளர்த்து அவிழ்த்துவிட்ட ஊர்ப்பன்றி. திருவள்ளூர் மாவட்டத்தில் ஊரை ஒட்டிய வயல்களில் அதுவும் உண்டு. அதற்கு வனத்துறையிடம் போய்ப் பயனில்லை. ஊராட்சியில் மனுக் கொடுக்கவேண்டும்.

அடுத்து, சேதம் எல்லாமே பன்றிக் கணக்குதானா என்று. பக்கத்துக் காட்டுக்காரர் விதைத்த பத்தாம் நாளே “பன்னி எல்லாத்தையும் தின்னுடுச்சு சார்” என்று வந்தார். விடியற்காலை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். மயில் ஏழு, காகம் ஒரு கூட்டம். முளைத்த பருப்பைப் பிடுங்கியது அவைதான். பன்றிக்கு அந்த வயலில் அப்போது வேலையே இல்லை. காய் திரண்ட பிறகுதான் வந்தது. முளைப்புக் காலத்தில் பறவை, காய்க்கும் காலத்தில் பன்றியும் எலியும் முள்ளம்பன்றியும். எதிரி மாறினால் மருந்தும் மாறும்.

மூன்றாவது, வழி. பன்றிக்கூட்டம் நினைத்த இடத்தில் நுழையாது. பழகிய ஓடை, பழகிய வேலி ஓட்டை. ஒன்பது நாள் எழுதிவைத்ததில் எங்கள் தாக்குக்கு வந்த கூட்டம் இரண்டே இடத்தில் நுழைவது தெரிந்தது. ஒன்று ஓடைக்கரை, இன்னொன்று கருவேலம் புதரின் ஓரம். தேதி, நேரம், எண்ணிக்கை, குட்டி உண்டா, எந்த வழி, எந்த வழியாகத் திரும்பியது என்று ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கண்வைக்கும் குழலில் செல்போன் கேமராவை ஒட்டிவைத்தால் படமும் எடுக்கலாம். நிவாரணத்துக்கோ நடவடிக்கைக்கோ வனத்துறையில் மனுக் கொடுக்கும்போது, “நிறைய பன்றி வருதுங்க” என்பதைவிட இந்த நோட்டு கனமாகப் பேசும். முப்பத்தைந்து வருடம் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், தேதி போட்ட காகிதத்தை எந்த அதிகாரியும் சுலபமாகத் தள்ளமாட்டார்.

பார்த்த பிறகு செய்வது

நுழைவழி தெரிந்தால் ஐந்து ஏக்கரையும் சுற்றி வேலி போடவேண்டியதில்லை. அந்த இரண்டு இடத்தையும் கற்றாழை, முள், கம்பி வலை கொண்டு பலமாக அடைத்து, மீதியைப் பழைய சேலை, முடி, மீன் கழுவிய தண்ணீரின் வாடை என்று சமாளிக்கலாம். வாடைக்கும் சேலைக்கும் பன்றி சில வாரத்தில் பழகிவிடும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்போது பழகியது என்று தெரியும், அப்போது மாற்றிவிடலாம்.

சூரிய மின்வேலி போடுவதானால் 2023-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த மின்வேலி விதிகளின்படி பதிவும் அனுமதியும் தேவையா என்று வனத்துறையிடம் முதலில் கேளுங்கள். மின்வேலிக் கருவி துடிப்புத் துடிப்பாக அதிர்ச்சி தரும், உயிரைக் குடிக்காது. மின்வாரியக் கம்பியிலிருந்து நேராக இழுத்துப்போடுவது கொலை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. உயிர்தப்பிய குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாடே பார்த்தது. மனிதர்களும் இப்படிச் சாகிறார்கள். பல நேரம் வேலி போட்டவர் வீட்டிலேயே இழவு விழுகிறது. பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயும் அதே பாவம்தான். மாடு கடிக்கும், யானை கடிக்கும், பிள்ளைகள் கையில் எடுக்கும்.

கண்ணாடியைக் காப்பது

எங்கள் ஊர்க் கடற்காற்றில் உப்பு, வயலில் புழுதி. இரண்டும் கண்ணாடிக்கு ஆகாது. முதலில் ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, பிறகுதான் துடைக்கவேண்டும். துண்டின் முனையால் அழுத்தித் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். உப்புக்காற்றுப் பட்டால் ஈரத்துணியால் வெளிப்புறத்தை ஒற்றியெடுங்கள். மழைக்காலத்தில் மூடிய தோல்பைக்குள் வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நைட்ரஜன் நிரப்பி, தண்ணீர் புகாதபடி அடைத்த மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து அதையே வாங்குங்கள்.

ஒவ்வொருவரும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஊர்க் குழுவுக்கு ஒரு கண்ணாடி போதும். பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால் வந்துவிடும். யார் எந்த ராத்திரி எடுத்துப்போனார், என்ன பார்த்தார் என்று அதோடு ஒரு நோட்டும் கைமாறட்டும். வலதுபக்கக் கண்குழலில் இருக்கும் திருகை அவரவர் கண்ணுக்கு ஒருமுறை சரிசெய்து, எந்த எண்ணில் நிற்கிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் பெயருக்கு நேரே எழுதிவையுங்கள். இருட்டில் தடவ வேண்டியிருக்காது. ஒரு பட்டம் முடிந்ததும் அந்த நோட்டுகளை மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நாலு ஊர்க் கணக்கைச் சேர்த்துவைத்துப் பேசினால், கிலோமீட்டர் விதியைப் பற்றிய நம் கோரிக்கைக்கும் ஆதாரம் கையில் இருக்கும்.